சேவல் நின்ற காசு

புங்குடுதீவு இறுப்பிட்டியில் சறோஜினிதேவியின் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் படலையடியிலேயே விழுங்கிவிட வேண்டும். "அக்கா, உங்களிட்ட இருக்கிற அந்தப் பொன் காசெல்லாம் எத்தனை பவுண் வரும்?" இதைக் கேட்டவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி இல்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்ன அதே கை படலையைக் காட்டும். "பவுண் கேக்கிறவை நகைக்கடைக்குப் போங்கோ. இது நகைக்கடை இல்லை." அவளுக்கு இப்போது அறுபத்தொரு வயது. கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபதுதான்.

முப்பத்து நான்கு வருடம் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவள். ஊருக்கு அவள் தபாலம்மா. முத்திரையைச் சரித்து ஒட்டிக்கொண்டு வந்தவனைக்கூட அவள் சும்மா அனுப்பியதில்லை. "உன்ர முகத்தை இப்பிடிச் சரிச்சு வைச்சால் உனக்கு எப்பிடியிருக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தை வாங்குவாள். கனடாக் கடிதத்தை எட்டு நாள் பிந்திக் கொண்டுபோன தபாற்காரரை அவள் ஏசிய ஏச்சு பக்கத்துக் கோயில் பூசைக்குக் கேட்டதாம். ஆனால் ஒருவருடைய கடிதத்தையும் அவள் பிரித்துப் பார்த்ததில்லை, ஒரு சதம் பிசகியதில்லை. இதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இனி அந்தக் காசு விஷயத்துக்கு வருவோம். முப்பத்தைந்து வருடத்தில் அவள் சேர்த்தது மூன்றே மூன்று காசு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த மூன்றும், ஏதோ ஒரு நாட்டில் சனம் பொறுத்தது போதும் என்று எழும்பிய வருடத்தில், அந்த எழுச்சிக்குள்ளேயே அச்சடிக்கப்பட்ட காசுகள். ராசாவின் தலை போட்ட காசு உலகத்தில் கொட்டிக் கிடக்கிறது. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஆட்கள், துவக்குச் சத்தத்துக்கு நடுவில் பொன்னை எடுத்துக் காசு அடித்தார்களே, அந்தத் திமிர்தான் சறோஜினிதேவிக்குப் பிடித்தது.

மூன்றையும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், தனித்தனிப் பஞ்சில் வைத்திருந்தாள். முத்திரைத் தாள்களின் ஓரத்தில் படம் இல்லாத வெள்ளைக் கீற்று ஒன்று வரும், பின்னால் பசையோடு. மற்றவர்கள் கிழித்து எறிவதை அவள் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு காசுக்கும் ஒரு துண்டு வெட்டி, ஊரும் வருடமும் எழுதிப் பஞ்சின் கீழ் ஒட்டியிருந்தாள். பாரிஸ், 1848. வார்சோ, 1831. ஹங்கேரி, 1848. விலை எங்கேயும் எழுதவில்லை.

வார்சோக் காசைப் பார்த்தால் ஒல்லாந்தர் காசு என்றே நினைப்பீர்கள். கவசம் போட்ட ஒரு போர்வீரன், ஒரு கையில் வாள், மற்றக் கையில் ஒரு கட்டு அம்பு. போலந்துக்காரர் ரஷ்யச் சக்கரவர்த்திக்கு எதிராக எழும்பியபோது, எல்லாரும் நம்பி வாங்குகிற ஒல்லாந்துக் காசின் வடிவத்திலேயே தங்கள் காசை அடித்தார்கள். ஆனால் எழுத்துகளுக்கு நடுவே தங்களுடைய கழுகை, கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில், நைசாகச் செருகிவிட்டார்கள். ஹங்கேரிக் காசில் ஒரு பக்கம் ராசா, மறு பக்கம் மாதாவும் குழந்தையும். படம் எல்லாம் பழையதுதான். ஆனால் அந்த வருடம் சுற்றியிருந்த எழுத்தை லத்தீனிலிருந்து தங்கள் சொந்தப் பாஷைக்கு மாற்றிப்போட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் சறோஜினிதேவியின் குரல் இறங்கும். "எழுத்தை மாத்தினதுக்கு எத்தினை பேர் செத்தவை தெரியுமே?" என்பாள். அதற்கு இந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பாரிஸ் காசுதான் முதல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அவளுடைய புருஷன் இலட்சுமணன். ஊர்காவற்றுறைக்காரர். கப்பலில் இயந்திர அறைக்குள் எண்ணெய் போடுகிற வேலை. பிரான்சில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மூன்று கிழமை நின்றபோது, ஒரு பழைய சாமான் கடையில் கண்டு, மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டி வாங்கிவிட்டார். ஒரு பக்கம் செட்டை முளைத்த ஒரு உருவம் பலகையில் ஏதோ எழுதுகிறது. அதன் காலடியில் ஒரு சேவல். ராசாவைக் கலைத்துவிட்டு இனி நாங்களே சட்டம் எழுதுவோம் என்று சனம் சொன்ன வருடத்துக் காசு.

கலியாணம் முடித்து ஒரு வருடம். சங்கிலி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒற்றைக் காசு வந்தால் எப்படியிருக்கும்? அவள் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இலட்சுமணன் பூதக்கண்ணாடியையும் காசையும் அவள் கையில் வைத்து, "சேவலைப் பாரும். நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறதைப் பாரும். உம்மட குணத்துக்கு ஏத்த காசு எண்டுதான் வாங்கினனான்" என்றார். அவள் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் காசு விசர். சங்கிலியை மறந்தாள்.

மகன் லவனுக்கு ஒரு வயது நிரம்பிய தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், பட்டணம் போய்வருகிறேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டார் இலட்சுமணன். இராணுவம் வந்து இறங்கியிருந்த மண்டைதீவுப் பக்கம் அவர் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர்கள் இல்லை.

பிறகு ஊரே எழும்பி ஓடியபோது, சறோஜினிதேவி பிள்ளையை இடுப்பிலும், காசை ஒரு சவுக்காரக் கட்டிக்குள்ளும் வைத்துக்கொண்டு ஓடினாள். சவுக்காரத்தைக் கத்தியால் கீறி, காசைச் செருகி, ஈரக் கையால் தடவி மூடிவிட்டாள். அந்தக் கட்டியை ஆறு வருடம் அவள் தண்ணீரில் நனைக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு பவுண் தரவேண்டும் என்று விடுதலை இயக்கம் கேட்டு வந்தபோது காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "தம்பிமார், நீங்கள் பொன்னில காசு அடிப்பியளோ?" என்று கேட்டாள். "ஏனக்கா?" "அடிச்சால் எனக்கு ஒண்டு வேணும். வருசம் போட்டு அடியுங்கோ." அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காசு கடைசிவரைக்கும் வரவும் இல்லை.

காணாமற்போனவருக்குப் பன்னிரண்டு வருடம் கழிந்தால் இறந்தவராக எண்ணிக் கிரியை செய்துவிடுவார்கள். இரண்டாயிரத்து இரண்டில் அதைச் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இலட்சுமணனின் தமக்கை இராசாத்தி. தன் மகளுடைய கலியாணம் வருகிறது, சாவா உயிரா என்று தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு நல்ல காரியம் செய்யக்கூடாது என்று யாரோ சாத்திரி சொல்லிவிட்டாராம். இராசாத்தியின் புருஷன் கதிர்காமு முன்னின்று தர்ப்பையில் ஆள் செய்து எரித்தார். சறோஜினிதேவியின் தாலிக்கொடி கழன்றது.

"ஆரைக் கேட்டு எரிச்சனீங்கள்? செத்ததை ஆர் கண்டது?" என்று அவள் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. நல்லது, அப்படியென்றால் இதையும் பாருங்கள் என்று அடுத்த மாதமே அந்தத் தாலிக்கொடியைக் கொண்டுபோய் விற்றாள். வியன்னாவில் இருந்த ஒரு காசு வியாபாரிக்குக் கடிதம் எழுதினாள். ஒரு வருடத்துக்குள் வார்சோவும் ஹங்கேரியும் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தன. தாலிக்கொடியை விற்று வெள்ளைக்காரன் காசு வாங்கியவள் என்று தீவு முழுக்கக் கதை. இராசாத்தி நாலு வருடம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அந்த நாலு வருடமும் நிம்மதியாக இருந்ததாகச் சறோஜினிதேவி இன்றைக்கும் சொல்லுவாள்.

இப்போது போன வைகாசியில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

லவனுக்கு முப்பத்தைந்து வயதில் ஒருவழியாகக் கலியாணம் பொருந்தியது. பெண் வேலணையைச் சேர்ந்த பிரியவதனி. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன்னம் ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். ஆசாரியார் வந்திருந்து, மாப்பிள்ளை கொடுக்கிற பொன் காசைச் சபைக்கு முன்னால் உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. சுமங்கலிகள் முன்னுக்கு நின்று ஆராத்தி எடுப்பார்கள். புருஷன் இல்லாத பெண் அந்தப் பக்கம் வரமாட்டாள், மாப்பிள்ளையைப் பெற்றவளாக இருந்தாலும் சரி.

"நான் குசினிக்குள்ள இருக்கிறன்" என்று சறோஜினிதேவியே சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. "ஒரு மணித்தியாலம்தானே. என்ர பிள்ளையின்ர நல்ல நாளில எனக்குச் சண்டை வேண்டாம்." அறுபத்தொரு வயதில் அவள் விட்டுக்கொடுத்த முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உருக்குவதற்கென்று யாழ்ப்பாணம் போய் ஒரு பவுண் காசு வாங்கிவந்து, சிவப்புக் கடதாசியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்துத் தட்டில் வைப்பதும் சுமங்கலியின் கையாக இருக்கவேண்டும் அல்லவா? காலையில் அலுமாரித் திறப்பை இராசாத்தியின் கையில் கொடுத்தாள். "மச்சாள், மேல்தட்டில சிவப்புக் கடதாசி. அதை மட்டும் எடுங்கோ."

இராசாத்தி அலுமாரியைத் திறந்தார். சிவப்புக் கடதாசியைப் பிரித்தார். காசில் இங்கிலாந்து ராணியின் தலை. இராசாத்திக்குத் திக்கென்றது. அந்த மனுசி செத்துப்போய்விட்டாரே! அதுவும் புருஷனுக்குப் பிறகு, விதவையாக. பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. திறந்தார். ஒரு காசில் வாளும் அம்பும். தாலிக்கு வாளா? சிவ சிவா. அடுத்ததில் மாதா. அது வேதக்காரர் காசு. மூன்றாவதைத் திருப்பினார். செட்டை வைத்த தெய்வம் ஒன்று, காலடியில் சேவல்! முருகனின் சேவல் அல்லவா! இதைவிட மங்கலம் வேறென்ன? பழைய பொன் வேறு, கலப்படமில்லாததாய் இருக்கும். இராசாத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்சம் மங்கிக் கிடந்த காசைப் புளி போட்டு மினுக்கி, மஞ்சள் பூசி, வெற்றிலைத் தட்டில் வைத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

நல்ல நேரம் காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து நாலு வரை. விறாந்தையில் கும்பம், குத்துவிளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார். ஆசாரியார் வசீகரன் பொன் உருக்குகிற சின்ன மண் மூசையையும் வெங்காரத்தையும் நெருப்பு ஊதுகிற காஸ் குழாயையும் எடுத்து வைத்தார். பெண்ணின் தாய் நிசாந்தினி, தன் ஆட்களோடு பாயில் இருந்தார். லவன் பட்டுவேட்டியோடு சப்பாணி கட்டி இருந்து, தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, காசை எடுத்து ஆசாரியாரின் கையில் கொடுத்தான்.

சறோஜினிதேவி குசினிக்குள் பாயசத்துக்குச் சவ்வரிசி கிண்டிக்கொண்டிருந்தாள். கதிர்காமுவுக்கு எப்போதும் கோயில் ஒலிபெருக்கிக் குரல். அது குசினிக்குள்ளும் வந்து விழுந்தது.

"இது சும்மா பவுண் இல்லைப் பாருங்கோ, சம்பந்தியம்மா. ஒரு பக்கம் செட்டை வைச்ச தெய்வம், காலடியில சேவல். முருகன் தன்ர காசைத் தானே எடுத்துத் தந்திருக்கிறார்!"

அகப்பை நின்றது. சவ்வரிசி அடிப்பிடித்து மணக்கத் தொடங்கும் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அகப்பையோடு ஓடினாள்.

"நிப்பாட்டும்! தம்பி, நிப்பாட்டும்!"

விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஈரச் சேலை, கையில் பாயசம் ஒழுகுகிற அகப்பை, நெற்றியில் ஒன்றும் இல்லை. பாயில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்தினாள். வசீகரன் நெருப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "பிடியும் தம்பி, நெருப்பைப் பிடியும், நேரம் போகுது!" என்றார் கதிர்காமு. ஆசாரியார் மறுபடி பிடித்தார்.

சறோஜினிதேவி மூசைக்கு மேலே குனிந்து பார்த்தாள். காசு செக்கச்சிவந்து கிடந்தது. ஒரு செட்டை இன்னும் தெரிந்தது. சேவல் இருந்த இடம் வழவழத்துப் போயிருந்தது. பிறகு ஓரம் தொய்ந்தது, முழுக்காசும் உள்ளுக்கு விழுந்தது, ஒரு சொட்டாய்த் திரண்டு நின்றது. நூற்றெழுபத்தேழு வருடம் எத்தனையோ சண்டையைத் தாண்டிய காசு, அவளுடைய சொந்த விறாந்தையில், அவள் பார்த்துக்கொண்டு நிற்க, இல்லாமல் போனது.

வசீகரன் பொன்னைத் தண்ணீர்த் தட்டில் விட்டார். சுரீரென்றது.

"மச்சாள்," என்றாள் சறோஜினிதேவி. "சிவப்புக் கடதாசியில சுத்தி வைச்ச பவுண் எங்க?"

"அங்கதான் கிடக்கு. அதில ராணியின்ர தலை. அந்த மனுசி செத்துப்போச்சு. அதுவும் புருசன் செத்தாப் பிறகு. விதவை முகம் போட்ட காசில என்ர மருமோனுக்குத் தாலி உருக்கேலுமே? நீரே சொல்லும்."

"அப்ப விதவையின்ர அலுமாரியில கிடந்த காசு மட்டும் ஆகுமே? என்ர காசு மங்கலம், நான் அமங்கலம். அப்பிடித்தானே?"

"சும்மா கத்தாதையும் சறோசா, சபை பாக்குது. தாலிக்கொடியை வித்துக் காசு வாங்கினவதானே நீர்? இப்ப காசு தாலியாப் போகுது. சரிக்குச் சரி."

பாயில் யாரோ சிரித்தது கேட்டது. சறோஜினிதேவி அகப்பையைக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்தாள் என்றா சொன்னேன்? அடித்தாள்.

"தாலிக்கொடியை வித்து வாங்கினது மற்ற ரெண்டையும். இது உங்கட தம்பி கொண்டுவந்து என்ர கையில தந்தது. உங்களோட கூடப்பிறந்தவர், மச்சாள். சம்பளக் காசு முழுக்கக் குடுத்து வாங்கினவர். இந்த வீட்டில அவர் தொட்ட சாமான் எண்டு மிச்சம் கிடந்தது இது ஒண்டுதான். முதல் அவரைத் தர்ப்பையில செய்து எரிச்சனீங்கள். இண்டைக்கு மிச்சத்தையும் எரிச்சுப்போட்டியள். இப்ப ஆறுதலே உங்களுக்கு?"

இராசாத்தியின் முகம் வெளிறியது. அது தம்பி கொண்டுவந்த காசு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் கேட்டதும் இல்லை. எத்தனை பவுண் என்று மட்டும் இரண்டு தரம் கேட்டிருக்கிறார்.

அப்போதுதான் லவன் வாய் திறந்தான். "அம்மா, சனம் பாக்குது. உள்ள போங்கோ. எல்லாம் முடிஞ்சாப் பிறகு கதைப்பம்."

அவள் மகனைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவள் அவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"ஆசாரியாரிட்ட காசைக் குடுத்தது நீதானே?"

"ஓம்."

"உன்ர கையாலதானே? சின்ன வயசில காய்ச்சல் வந்தால் உந்தச் சேவலைக் காட்டினால்தான் மருந்து குடிப்பாய். குடுக்கேக்க சேவலைக் கண்டனியே, இல்லையே?"

லவன் குத்துவிளக்கைப் பார்த்தான். "கண்டனான்."

"கண்டும் குடுத்தனி."

"பிரச்சினை வேண்டாம் எண்டு நினைச்சனான், அம்மா. மாமி எடுத்து வைச்சிட்டா. சபை இருக்குது. ஒரு காசுதானே எண்டு..."

ஒரு காசுதானே! இராசாத்திக்குத் தெரியாது, மன்னிக்கலாம். கதிர்காமுவுக்கு ஒன்றுமே தெரியாது, தொலையட்டும். கண்டுகொண்டே கொடுத்தானே இவன், இவனை என்ன செய்வது?

அவள் திரும்பித் தண்ணீர்த் தட்டுக்குள் கையை விட்டாள். பொன்னை எடுத்தாள்.

"ஐயோ! உருகின பொன்னை நீர் தொடக்கூடாது!" என்று கதிர்காமு எழும்பினார். "சபை பார்க்க முதல் எடுக்கக்கூடாது! தரித்திரம்!"

"உருகினாலும் என்ர பொன், அண்ணை. கேட்டு எடுத்திருந்தால் நான் குசினிக்குள்ளயே இருந்திருப்பன். இருங்கோ நீங்கள்." அவர் இருந்தார். ஏன் இருந்தேன் என்று அவருக்கே பிறகு தெரியவில்லையாம்.

அவள் நேரே அலுமாரிக்குப் போனாள். சிவப்புக் கடதாசியோடு திரும்பி வந்தாள். "தம்பி வசீகரன், இதைப் பாரும். அதைவிட இது குறைவே?"

வசீகரன் வாங்கிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொல்லுறதெண்டால் அக்கா, பழைய காசில செம்பு கூட. நிறையும் ஒரு பவுண் வராது. இதுதான் திறம்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் வாயை மூடிக்கொண்டு உருக்கினனீர்?"

"முருகன் காசு எண்டு சொல்லிச்சினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கோதாரி. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் வாய் இல்லை" என்றாள் சறோஜினிதேவி.

கதிர்காமு மெதுவாக, இரண்டாம் தரம் உருக்கினால் சகுனப்பிழை, பெண் வீட்டார் ஏற்க மாட்டார்கள் என்று தொடங்கினார். பெண்ணின் தாய் நிசாந்தினி கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார்.

"பத்து நாலு மட்டும் நேரம் இருக்குது. சம்பந்தியம்மா சொல்லுறபடி செய்யுங்கோ. சொல்லாமல் எடுத்த பொன்னை என்ர பிள்ளையின்ர கழுத்தில ஏத்த நான் வரேல்லை."

அதற்குப் பிறகு அங்கே ஒருவருக்கும் சகுனம் ஞாபகம் வரவில்லை.

பவுணைத் தட்டில் வைக்க இராசாத்தி கையை நீட்டினார். சறோஜினிதேவி கொடுக்கவில்லை. மகனுக்கு முன்னால் போய் நின்றாள். புருஷன் இல்லாதவளின் கையிலிருந்து மாப்பிள்ளை பொன் வாங்குவதை இறுப்பிட்டியில் யாரும் பார்த்ததில்லை.

"கையை நீட்டு."

லவன் மாமியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அவள் அசையவில்லை. "அங்க என்ன பாக்கிறாய்? உன்னைப் பெத்தது நான்."

அவன் இரண்டு கையையும் நீட்டினான். ராணியின் தலை மேலே தெரிய, காசை அவன் கையில் வைத்தாள். அவன் அதை ஆசாரியாரிடம் கொடுத்தான். மூசை மறுபடி சிவந்தது. பொன் திரண்டு தண்ணீரில் விழும் வரைக்கும் சறோஜினிதேவி கும்பத்துக்கு நேரே, எல்லாருக்கும் முன்னால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இராசாத்தி ஆராத்தி எடுத்தபோது அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தட்டு தாயையும் மகனையும் சேர்த்துச் சுற்றி வந்தது.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு அவள் மேசைக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். லவன் வந்து கதவடியில் நின்றான். வேட்டியை இன்னும் மாற்றவில்லை.

"அம்மா, பிழைதான். உதே மாதிரிக் காசு இன்ரநெற்றில விக்கிறாங்கள். அதே செட்டை, அதே சேவல். தேடி வாங்கித் தாறன்."

"வேண்டாம்."

"மன்னிக்க மாட்டியளே?"

"இப்ப ஏலாது. எனக்கு இன்னும் கோபம் கிடக்குது. பொய்க்கு மன்னிச்சன் எண்டு சொல்லச் சொல்லுறியே?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போய்ச் சாப்பிடு. பாயசம் அடிப்பிடிச்சுப்போச்சு, மேலால அள்ளு."

அவன் போகவில்லை. அங்கேயே நின்றான். அவள் பாரிஸ் என்று எழுதியிருந்த துண்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அந்தப் பஞ்சில் உருகிய பொன்னை வைத்தாள். செட்டை இல்லை, சேவல் இல்லை, ஒரு பக்கம் சப்பையான வெறும் உருண்டை. மேசை இழுப்பறையிலிருந்து முத்திரைத் தாளின் ஓரம் ஒன்றை எடுத்தாள், ஒரு துண்டு வெட்டினாள், நாக்கில் தொட்டு ஒட்டினாள். பிறகு, தபாற்கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் எழுதிய அதே நேரான கையெழுத்தில் எழுதினாள்: இறுப்பிட்டி, 2025.